சும்மா ஒரு ஆம்

ஜனவரி 9

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் சித்தியும் சுகம். சித்தியின் முழங்கால் வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் சுகத்துக்காகவும் ஆஸ்பத்திரி வேலைக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம்.

உன் கடிதத்தைச் சித்திதான் சத்தமாகப் படித்தாள். கல்யாண விஷயம் எழுதியிருந்த இடம் வந்ததும் நிறுத்தினாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். லிஃப்ட் மோட்டார் சத்தத்தில் ஒரு காதைத் தொலைத்தவன் நான். நான் போனில் பேசினால் தெருவே கேட்கும். இதைத் தெரு கேட்க வேண்டாம் என்று பேனாவை எடுத்தேன்.

நீ சொன்ன நீச்சல் வாத்தியாரைக் குளத்துக்கே போய்ப் பார்த்தேன். மூக்கில் தண்ணீர் ஏறி ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது முடிக்கும்வரை அவரும் சொட்டச் சொட்டப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். குறை ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்தும் பார்த்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவராமே, அதை மட்டும் நீ எழுதவில்லை.

ஆனால் விசுவாசி இல்லை. நேராகவே கேட்டேன். "அதைப் பத்தி யோசிச்சதே இல்லைங்க" என்றார். பொய் சொல்லவில்லை என்பது பிடித்திருந்தது.

விசுவாசி விசுவாசியைத்தான் மணக்க வேண்டும் என்பது நம் சபையின் நம்பிக்கை. என் வீட்டுக்கு மட்டும் தளர்த்திக்கொள்ள இது நான் போட்ட சட்டம் இல்லை. அதிலும் நான் சபையை மேற்பார்க்கும் மூப்பர் பொறுப்பில் இருக்கிறேன். மூப்பரின் பிள்ளைகளே விசுவாசத்தில் இல்லையென்றால் அவன் அந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது. இது உனக்குத் தெரியாததில்லை. உன்னைப் பெற்ற அண்ணனும் அண்ணியும் அந்த விபத்தில் போன அன்று உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உன் கல்யாணத்துக்கு நாங்கள் வராமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதா என்று சித்தி அழுகிறாள்.

அதனால் ஒன்று சொல்கிறேன். அடுத்த மாதம் புதியவர்களுக்கு விசுவாச வகுப்பு ஆரம்பிக்கிறது. ஏழு பாடம். நடத்துவது நான்தான். அவர் வரட்டும். மனசார நம்பி ஞானஸ்நானம் எடுத்தால் நானே உன் கையைப் பிடித்து அவர் கையில் கொடுக்கிறேன். இல்லையென்றால் இல்லை.

அங்கே எந்தச் சபைக்குப் போகிறாய்? எழுது.

உன் சித்தப்பா

*

ஜனவரி 22

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும்,

நான் சுகம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சித்தி முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன் என்று சொல்லி ஏமாற்றுவாள். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

உடனே "இல்லை" என்று எழுதுவீர்கள் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். கடிதத்தைப் பரிசோதனைக் கூடத்திலேயே பிரித்துப் படித்தேன். ரத்த மாதிரிக் குழாய்களை எல்லாம் அப்படியே மேஜையில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடி வந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, என் சித்தப்பா பாதி இறங்கி வந்திருக்கிறார் என்றேன்.

அவரிடம் சொல்லிவிட்டேன். "ஏழு பாடம்தானே, உனக்காக ஏழு வருஷம்கூட உக்காருவேன்" என்கிறார். முதல் வாரமே வருவார். ரொம்பக் கேள்வி கேட்டு அவரை வாட்டாதீர்கள். அவர் தண்ணீரில் இருக்கிற அளவுக்குத் தரையில் கெட்டிக்காரர் இல்லை.

வேலை அதிகம். அறையில் என்னுடன் இருக்கும் பெண் குறட்டை விடுகிறாள். அது தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மகள்

*

பிப்ரவரி 26

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகளுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். இங்கே சுகம். ஒத்தடம் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். என் காலில் வெந்நீரைக் கொட்டிவிட்டாள் உன் சித்தி.

உன் ஆள் வகுப்புக்கு வருகிறார். சபை மண்டபத்துக்குப் பின்னால் பாட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும் அறை உனக்குத் தெரியுமே, அங்கேதான். குளத்திலிருந்து நேராக வருவதால் தலை ஈரமாகவே இருக்கும். அவர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கீழே சின்னதாக ஒரு குட்டை தேங்கிவிடும். ஏழு வருஷம் என்று சொன்னதையும் படித்தேன். பெண்ணுக்காக ஏழு வருஷம் மாமனாரிடம் உழைத்த ஒருவர் கதை வேதத்தில் இருக்கிறது. அதில் கடைசியில் ஏமாற்றியது மாமனார்தான். அவரிடம் சொல்லி வை.

முதல் பாடம், வேதம் தேவனுடைய வார்த்தை, அதில் பிழையில்லை என்பது. "சரிங்க" என்றார். இரண்டாவது, தேவன் ஒருவரே, பிதா, குமாரன், ஆவியானவர் என்று மூவராக இருக்கிறார் என்பது. "புரியுதுங்க" என்றார். எனக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. இத்தனை வருஷமாக நம்பியும் எனக்கே முழுதாகப் பிடிபடாதது அவருக்கு அரை மணியில் பிடிபட்டுவிட்டதாம். என்ன சொன்னாலும் தலையாட்டினார். நாளைக்கு மண்டபமே பறக்கும் என்றாலும் சரி என்றிருப்பார்.

வகுப்பு முடிந்ததும் நிறுத்தி வைத்தேன். "தம்பி, பிரேக் பிடிக்குதான்னு பாக்காம லிஃப்ட் நல்லா இருக்குன்னு நான் சர்டிஃபிகேட் குடுத்தா ஆள் சாவாங்க. நீங்க எதையும் பாக்காமலே தலையாட்டுறீங்க. இல்லைன்னு தோணுச்சுன்னா இல்லைன்னு சொல்லுங்க. என் மகளுக்காகச் சொல்ற ஆம் எனக்கு வேண்டாம்" என்றேன். முகம் சிவந்துபோனது. இனி வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சித்தி அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் வந்தார். வந்து உட்காருவதற்கு முன்பே, "போன ரெண்டு பாடமும் நான் நம்பலைங்க. முதல்ல இருந்து சொல்லித் தருவீங்களா?" என்றார். உண்மையைச் சொல்கிறேன், அப்போதுதான் எனக்கு அவரைப் பிடித்தது.

சபை விஷயம் நீ எழுதவில்லையே. கூடி ஜெபிக்க அங்கே நல்ல ஐக்கியம் கிடைத்ததா?

உன் சித்தப்பா

*

மார்ச் 15

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கால் கொப்புளம் ஆறிவிட்டதா? மருந்து எதுவும் போடாமல் ஜெபம் மட்டும் பண்ணிக்கொண்டு இருக்காதீர்கள், இரண்டையும் செய்யுங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம். அந்த மனிதர் பாட்டுக்குச் சரி சரி என்று சொல்லிக்கொண்டு போனார், உங்களுக்கு என்ன வந்தது? தலையாட்டிவிட்டுப் போக விட்டிருந்தால் ஏழாவது வாரம் முடிந்திருக்கும். இப்போது முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். நம் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோரையும் இப்படித்தான் ஒவ்வொருவராக நிறுத்திவைத்துப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தீர்களா? எல்லோரும் எல்லாவற்றையும் நம்பிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்கள்? பாடுகிறார்கள், கண்ணை மூடுகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

சரி, விடுங்கள். வாயாடி என்று திட்டுவீர்கள். சின்ன வயதிலிருந்து திட்டித் திருத்த முடியாததை இப்போதா திருத்தப் போகிறீர்கள்.

கூடத்துக்கு ஒரு புது இயந்திரம் வந்திருக்கிறது. அதோடு நான்தான் மல்லுக்கட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வந்துவிடுகிறது.

சித்திக்கு என் முத்தங்கள்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 18

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகளுக்கு,

கர்த்தரின் கிருபை உன்னோடு இருப்பதாக. கால் ஆறிவிட்டது. திட்டமாட்டேன். ஆனால் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நம்பாமல் கண்ணை மூடுகிறவருக்குத்தான் நஷ்டம்.

உன் நீச்சல்காரர் என் உயிரை எடுக்கிறார். நான்காவது பாடம், மனிதன் தன் நன்மைகளால் தன்னை மீட்டுக்கொள்ள முடியாது, கிருபையால் மட்டுமே, விசுவாசத்தால் மட்டுமே என்பது. அதில் பிடித்துக்கொண்டார். "நல்லது செஞ்சா நல்லவன். அவ்வளவுதானே? நான் இதுவரைக்கும் எத்தனை பிள்ளைங்களைத் தண்ணியில இருந்து தூக்கியிருக்கேன். அதுக்குக் கணக்கே இல்லையா?" என்று கேட்டார். வகுப்பில் இருந்த மற்றவர்கள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும்தான் கத்திக்கொண்டிருந்தோம். எனக்குக் காது கேட்காது, அவருக்குக் குளத்தில் கத்திக் கத்திப் பழக்கம். பாஸ்டர் எட்டிப் பார்த்து, சண்டை இல்லை என்று தெரிந்ததும் போனார்.

இரண்டு நாள் கழித்து நான் வேலை செய்துகொண்டிருந்த அடுக்குமாடிக்கே வந்துவிட்டார். மொட்டைமாடியில் மோட்டார் அறை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும். நான் கயிற்றுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்கிள், நான் பிள்ளைங்களுக்கு முதல்ல மிதக்கத்தான் சொல்லித் தருவேன். ஒண்ணும் செய்யாதே, கையைக் காலை உதறாதே, சும்மா படு, தண்ணி உன்னைத் தாங்கும்னு சொல்லுவேன். ஒருத்தனும் நம்பமாட்டான். உதறுவான். உதற உதற முங்குவான். இதைத்தான் நீங்க சொல்றீங்களா?"

ஆமாம் என்றேன். இத்தனை வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன், ஒருநாளும் இவ்வளவு எளிதாகச் சொன்னதில்லை. "அப்ப நான் இவ்வளவு நாளா உதறிக்கிட்டுதான் இருந்திருக்கேன்" என்றார். அங்கேயே, அந்த மசகு நாற்றத்தில், அவர் அழுதார். சந்தோஷத்தில் நானும் அழுதேன். கீழே லிஃப்ட்டுக்காகக் காத்திருந்தவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மகளே, அவர் நம்புகிறார். உனக்காக இல்லை. அவருக்காக. இதைவிட நல்ல செய்தி உனக்கு நான் எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமையும் வேலையா? மாலை ஆராதனை உள்ள சபை ஒன்றும் அங்கே இல்லையா?

உன் சித்தப்பா

*

மே 20

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சுகம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

அவரும் எழுதினார், நீங்கள் எழுதியதையேதான். முன்பெல்லாம் குளத்தில் எந்தப் பிள்ளை முதல் முறை அக்கரை போனது, எவன் தண்ணீரில் இறங்கும் முன்பே பயந்து உடுப்பை நனைத்துக்கொண்டான் என்றுதான் எழுதுவார், நான் சிரித்துச் சிரித்துப் படிப்பேன். இப்போது நான்கு பக்கமும் நீங்கள் நடத்திய பாடம்தான். கடைசியில், நீ இதைப் பற்றி என்ன நினைக்கிறாய், எனக்குச் சொல்லித் தா என்று கேட்டிருக்கிறார். பிறந்ததிலிருந்து இதிலேயே வளர்ந்தவளாம் நான்.

ஞானஸ்நானத்துக்கு ஜூன் மாதம் என்று நாள் குறித்திருப்பதாகச் சொன்னார். இவ்வளவு அவசரம் எதற்கு? கொஞ்சம் தள்ளிப்போட முடியாதா? அவர் இன்னும் யோசிக்கட்டுமே.

சித்தியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்து அளவை எழுதுங்கள்.

உங்கள் மகள்

*

ஜூன் 23

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகளுக்கு,

ஸ்தோத்திரம். சித்தியின் அழுத்தம் சரியாக இருக்கிறதாம். நீ தள்ளிப்போடச் சொன்னதைப் பாஸ்டரிடம் சொன்னேன். "நம்பினவனை எதுக்கு நிறுத்தி வைக்கணும்?" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. மாப்பிள்ளை தண்ணீரில் முங்குவதைப் பார்க்க நீ வரவேண்டும் என்று காத்திருக்கச் சொல்கிறாயாக்கும் என்று சித்தி கிண்டல் செய்தாள்.

ஞானஸ்நானம் நேற்று முடிந்தது. மேடைப் பலகைகளைத் தூக்கிவிட்டு, கீழே இருக்கும் தொட்டியில் காலையிலிருந்து தண்ணீர் நிரப்பினோம். நான்கு பேர். உன் ஆள் கடைசி. நீச்சல் வாத்தியார் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்கவே குளத்துப் பிள்ளைகள் ஒரு வரிசை முழுக்க வந்திருந்தார்கள். மூழ்கியே கிடப்பார், பாஸ்டரால் தூக்க முடியாது என்று பந்தயம் வேறு. பாஸ்டர் கேட்டார், இயேசு உன் பாவத்துக்காக மரித்து உயிர்த்தார் என்று விசுவாசிக்கிறாயா என்று. "விசுவாசிக்கிறேன்" என்றார். எனக்கே கேட்டது.

முக்கி எடுத்ததும் இருமு இருமென்று இருமினார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். ஊருக்கெல்லாம் மூச்சடக்கச் சொல்லித் தருகிற மனிதர், மூச்சடக்க மறந்துவிட்டார்! பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பாட்டே நின்றுபோனது. நான் துண்டோடு படியில் நின்றிருந்தேன். வெளியே வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, "பிரதர்" என்றார். மாமனாராக வேண்டியவன் ஒரே முழுக்கில் சகோதரனாகிவிட்டேன்.

இனி உன் கல்யாணம். செப்டம்பரில் மண்டபம் கிடைக்கிறது. முறை உனக்குத் தெரியும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் சபைக்கு முன்னால் நின்று விசுவாசத்தை அறிக்கை செய்ய வேண்டும். இருவரும் விசுவாசிகள் என்று மூப்பர் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். அந்த மூப்பர் நான்தான். இதற்காகவே என்னைக் கர்த்தர் இத்தனை நாள் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

நீ அங்கே போகும் சபையிலிருந்து பாஸ்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். வாங்கி அனுப்பு.

உன் சித்தப்பா

*

ஜூலை 30

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்களும் சித்தியும் நலமா? இந்தக் கடிதத்தைச் சித்தியிடம் படிக்கக் கொடுக்காமல் முதலில் நீங்கள் தனியாகப் படியுங்கள்.

ஒரு வரி எழுதிக் கொடுக்க எனக்குப் பாஸ்டர் இல்லை, சித்தப்பா. இங்கே நான் எந்தச் சபைக்கும் போவதில்லை. வந்த புதிதில் போனேன். அப்புறம் இல்லை.

யாரும் என்னைக் கெடுக்கவில்லை. எனக்கு யாரோடும் சண்டையும் இல்லை, நடக்கக் கூடாதது எதுவும் நடக்கவும் இல்லை. ஒருநாள் ஜெபிக்க மறந்தேன். பிறகு அடிக்கடி மறந்தேன். மறக்கிறேனே என்று பயந்து ஒருநாள் முழங்காலில் நின்றபோது, நான் பேசுவதைக் கேட்க அந்தப் பக்கம் யாருமில்லை என்று தோன்றியது. காத்திருந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லித் தந்த ஏழு பாடமும் எனக்கு மனப்பாடம். அதில் ஒன்றுகூட எனக்கு நிஜமாகப் படவில்லை.

உங்களிடம் சொல்லாதது பயத்தினால். உங்கள் திட்டுக்கு இல்லை, அது எனக்குப் பழக்கம். இது வெளியே தெரிந்தால் உங்கள் மூப்பர் பொறுப்பு போய்விடும். உங்களுக்கு அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அதனால் நான் ஒரு கணக்குப் போட்டேன். அவருக்கும் நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை. அவர் வந்து சும்மா ஒரு ஆம் சொல்லட்டும், நானும் சொல்கிறேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். வருஷத்துக்கு இரண்டு முறை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடிவிட்டு வருவோம். "எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டு வா, உனக்கென்ன" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியதே நான்தான்.

நீங்கள் அவரை நம்ப வைத்துவிட்டீர்கள். நான் நினைக்கவே இல்லை. தண்ணீரை விழுங்கினார் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கழிப்பறைக்குள் போய் அழுதேன். அவர் நடிக்கவில்லை என்று அப்போது உறுதியாகத் தெரிந்துவிட்டது. இப்போது விசுவாசி அவர். விசுவாசி இல்லாதவள் நான். பெண் கொடுக்க மாட்டோம் என்று நீங்கள் சொன்ன ஆள் நான்தான்.

நேற்று அவரிடம் போனில் சொல்லிவிட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். இதுவரை ஒருமுறைகூட அவர் என்னிடம் யோசித்துச் சொன்னதில்லை.

என்னை மன்னியுங்கள் என்று கேட்கத் தெரியவில்லை. எதற்கு என்று நீங்கள் கேட்டால் சொல்லத் தெரியாது.

உங்கள் மகள்

*

செப்டம்பர் 5

பிரியமான மகளுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று சித்தி கேட்கச் சொன்னாள்.

பதில் எழுதாமல் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியது முழுக்கத் திட்டு. அடுத்ததில் வசனம். அதற்கும் அடுத்ததில் என்ன எழுதினேன் என்று சொல்கிறேன், நீ தெரிந்துகொள். "யாருக்கும் தெரியாது. வந்து நின்று ஆம் என்று சொல்லிவிடு. நான் எழுந்து நின்று சாட்சி சொல்கிறேன், மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று எழுதினேன். கவரில் போட்டு ஒட்டியும்விட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டு அங்கேயே நின்றுகொண்டு கிழித்தேன்.

சித்தியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "போன தடவை வந்தப்பவே தெரியும். ஜெபத்துல கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு சுவரைப் பாத்துட்டிருந்தா" என்றாள். அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நானும் திறந்துதானே பாத்தேன்" என்றாள். இந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

பிறகு குளத்துக்குப் போனேன். வகுப்பு முடிந்து அவர் பிள்ளைகள் பிடித்து நீந்தும் ஈரப் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். நான் கௌரவம் பார்க்கவில்லை, மகளே. காலில் விழாத குறையாகக் கேட்டேன். "அவ நல்ல பொண்ணு. இன்னைக்கு நம்பலைன்னா நாளைக்கு நம்புவா. நீங்க கட்டிக்கோங்க. சபையை நான் சமாளிக்கிறேன்" என்றேன்.

அவர் பலகையைக் கீழே வைத்தார். "பிரதர், நம்பாத ஆளா நான் இருந்தப்ப உங்க பொண்ணைத் தரமாட்டேன்னு சொன்னீங்க. நான் கோவப்பட்டேன். அப்புறம் வகுப்புல ஆறாவது பாடத்துல நீங்களே விளக்கினீங்க, ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேருக்கு ரெண்டு எஜமான் இருக்கக் கூடாதுன்னு. எனக்குப் புரிஞ்சது. அப்ப அது சரின்னா இப்ப எப்படித் தப்பாகும்? அன்னைக்கு நான் வெளியில நின்னேன். இன்னைக்கு அவ நிக்கிறா. அவ்வளவுதானே வித்தியாசம்?"

அவள் வந்து ஆம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"எனக்காகச் சொன்னா வேண்டாம். நானும் முதல்ல அப்படித்தானே வந்தேன். நீங்கதானே திருப்பி அனுப்பினீங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒவ்வொரு சொல்லும் நான் சொல்லிக் கொடுத்தது. அவர் சுவரோரமாகத் திரும்பிக்கொண்டு அழுதார். உன்னை விட்டுவிட அவருக்கு மனசில்லை. ஆனாலும் விடுகிறார். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மண்டபத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். காரணம் யாருக்கும் சொல்லவில்லை.

சித்தப்பா

*

செப்டம்பர் 19

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம்தான் சரியில்லை. அறைக்காரியின் குறட்டை மேல் பழியைப் போட்டுக்கொள்கிறேன்.

அவரும் எழுதினார். நல்ல கடிதம். உங்களிடம் சொன்னதையேதான் இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். படித்துவிட்டு எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. அதுதான் ரொம்ப வலிக்கிறது. ஒரு கெட்டவனிடம் ஏமாந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

நான் வந்து ஆம் என்று சொல்லப் போவதில்லை. ஆசையாக இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு சபையின் வாசல் வரைக்கும்கூடப் போனேன். உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த பாட்டுதான், வாய் தானாக முணுமுணுத்தது. ஆனால் நான் அவருக்காகத்தான் அங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் எனக்காக அவரிடம் போய்க் கேட்டதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் வளைந்து நான் பார்த்ததில்லை. இனி எனக்காக வளைய வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கடைசிப் பாடம் இருக்கிறதே, நம்பினவர்கள் ஒரு பக்கம், நம்பாதவர்கள் ஒரு பக்கம், என்றென்றைக்கும் என்பது. அதை நீங்கள் இன்னும் நடத்துவீர்கள். நடத்தும்போது என்னை எங்கே வைப்பீர்கள், சித்தப்பா?

உங்கள் மகள்

*

நவம்பர் 24

பிரியமான மகளுக்கு,

நாங்கள் சுகம். சித்தி இப்போது ஒழுங்காக ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள். நான் எட்டவே நிற்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. புது வகுப்பு ஆரம்பித்திருந்தது. ஐந்து பேர். அந்தப் பாடம் வரட்டும், நடத்திப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். போன வாரம் வந்தது.

உள்ளபடியே நடத்தினேன். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. நான் அதை நம்புகிறேன், மகளே. உனக்காக அதை மாற்றிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, மாற்றிக்கொண்டதாக நடிக்கவும் மாட்டேன். பாஸ்டரும் அன்றைக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்.

வகுப்பில் ஒரு பஸ் கண்டக்டர் இருக்கிறார். பேசினால் பஸ் முழுக்கக் கேட்கிற குரல். எனக்குச் சௌகரியம். அவர் எழுந்து, "ஐயா, நீங்க இதைச் சர்வசாதாரணமாச் சொல்லிட்டீங்க. எங்க வீட்ல என்னைத் தவிர எல்லாரும் அந்தப் பக்கம். உங்க வீட்ல எல்லாரும் இந்தப் பக்கம்தானே, உங்களுக்கென்ன?" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டது நியாயம்.

"எங்க வீட்லயும் ஒருத்தி அந்தப் பக்கம்தான் இருக்கா" என்றேன்.

"யாருங்க?"

"என் மகள்."

புத்தகத்தை மூடி வைத்தேன். கண்டக்டர்தான் எழுந்து வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

எல்லோரும் போனபிறகு பாஸ்டர் வந்தார். நல்ல மனிதர், எனக்கு உதவத்தான் நினைத்தார். "எதுக்கு அண்ணா அப்படிச் சொன்னீங்க? அண்ணன் மகதானே? நீங்க பெத்த பிள்ளை இல்லையே. மூப்பரோட பிள்ளைங்கன்னு சபைச் சட்டத்துல இருக்கிறது அவளுக்குப் பொருந்தாது. வளத்த பொண்ணுன்னு சொல்லிட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நீங்க பொறுப்புலயே இருக்கலாம்" என்றார்.

யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு யோசிக்க எதுவும் இல்லை. "பொருந்தும் பாஸ்டர். அவ என் மகதான்" என்று சொல்லிவிட்டு, மூப்பர் பொறுப்பையும் பின்னறைச் சாவியையும் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை முதல் சித்தியோடு ஐந்தாவது வரிசையில் உட்காருகிறேன். நீச்சல்காரர் எங்களுக்கு முன்வரிசை. எழுந்து வந்து கையைப் பிடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அடுத்து வருகிறவர்களின் வகுப்பை வரும் மாதம் முதல் வேறொருவர் நடத்துவார். அவர் என்னைவிட நன்றாகப் பேசுவார்.

உன்னை எங்கே வைப்பேன் என்று கேட்டாய். நான் நம்புகிறதில் அதற்குப் பதில் இருக்கிறது. அதை எழுத என் கை வரவில்லை. தினமும் முழங்காலில் நின்று அந்தப் பதிலோடு சண்டை போடுகிறேன். யாருமில்லை என்று நீ எழுதிய இடத்தில் ஒருவர் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நான் நம்புகிறேன். உனக்காக நான் அவரிடம் கேட்பதை உன்னால் தடுக்க முடியாது.

பொறுப்பு போனதற்கு நீ வருத்தப்படாதே. சித்தி ஒருநாள் அழுதாள், பிறகு, "இனி சனிக்கிழமையில வீட்ல இருப்பீங்க" என்றாள். அவ்வளவுதான்.

விடுமுறை எடுத்துக்கொண்டு வா. உன் கட்டிலை வெயிலில் போட்டு எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் கிளம்பிப் போவோம், நீ எழுந்திருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து கதவைத் தட்டுகிறோம். உள்ளேயிருந்து நீ திற.

சித்தப்பா